வர வேண்டிய தண்ணீர், வரக்கூடாத தண்ணீர்

பினாங்குக் கடலில் பாய்மரப் படகு வைத்திருப்பவர் தன் டீசல் இன்ஜினைத் தானே பார்த்துக்கொள்ள ஓர் எளிய விளக்கம்

பாய்மரப் படகுக்கு எதற்கு இன்ஜின் என்று கேட்பவர், ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே காற்றில்லாத ஒரு காலையில் படகோடு நின்றிருக்க மாட்டார். ஏற்ற நீரோட்டம் படகை ஒரு பக்கம் இழுக்கும். ஃபெரி குறுக்கே வரும். சரக்குக் கப்பல் வழி கேட்டு ஊதும். தெற்கே போனால் 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம், அதற்கும் தெற்கே 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம். அந்தத் தூண்களுக்கு நடுவே போகும்போது பாயை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

மலாக்கா நீரிணையின் குணமே அப்படி. சுமத்ராவின் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றை மறைத்து நிற்பதால் பல மாதங்களுக்குக் காற்று மெலிதாகத்தான் வீசும். வந்தால் விடியற்காலையில் இடிமழையோடு ‘சுமத்ராஸ்’ என்ற பெயரில் ஒரேயடியாக வரும். இந்த இரண்டு நேரத்திலும் கைகொடுப்பது இன்ஜின்தான். இங்கிருந்து லங்காவி ஏறக்குறைய 60 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் காற்றே இல்லாமல் போனால் 12 மணி நேரம் இன்ஜின் ஓட வேண்டும். போய்வந்தால் 24 மணி நேரம். நான்கு முறை போய்வந்தால் பல சிறு இன்ஜின்களுக்கு ஆயில் மாற்றும் கெடு நெருங்கிவிடும்.

இந்த இன்ஜின் பயப்பட வேண்டிய பொருள் இல்லை. அதில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுங்கிய காற்று கொதிக்கிறது. அதில் டீசலைத் தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. பழைய பாணி இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரம்கூட அதற்கு வேண்டாம். ஜப்பானின் யான்மார் நிறுவனம் 1933இல் கையடக்கமான சிறு டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை.

வழியில் நின்றுபோன சிறு இன்ஜினைத் திறந்து பார்த்தால் உள்ளே இரும்பு உடைந்திருப்பது அபூர்வம். பெரும்பாலும் விஷயம் தண்ணீரில் போய் முடியும். குளிரவைக்க வர வேண்டிய கடல்நீர் வந்திருக்காது. அல்லது டீசலிலோ ஆயிலிலோ சிலிண்டரிலோ வரக்கூடாத தண்ணீர் வந்திருக்கும். இந்த இரண்டையும் கண்காணிப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பராமரிப்பில் முக்கால்வாசி.

சாவியைத் திருப்பும் முன்

ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்ஜின் மூடியைத் திறந்து முதலில் அடியில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். புதிதாக ஆயிலோ டீசலோ தண்ணீரோ சொட்டியிருந்தால் எங்கிருந்து என்று தேடிய பிறகுதான் மற்றது. ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

அடுத்து கூலன்ட். ரேடியேட்டர் மூடி போன்ற அந்த மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பனியே விழாத ஊரில் கூலன்ட் எதற்கு, வெறும் தண்ணீர் போதுமே என்று சிலர் நினைப்பார்கள். கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் தேய்கிறது அல்லது கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். கடைசியாக, கடல்நீர் உள்ளே வரும் அடிவால்வு திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். திறந்த ஞாபகம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பின்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். அரை நிமிடத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

கடல்நீர் வரும் வழி

கடல்நீர் அடிவால்வு வழியாக ஏறி, சல்லடைப் பெட்டியில் வடிகட்டப்பட்டு, பம்புக்கு வருகிறது. பம்ப் அதை வெப்பமாற்றிக்குத் தள்ளுகிறது. அங்கே கூலன்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, சைலன்சருக்குள் விழுந்து, புகையோடு வெளியே போகிறது. இந்த வழியில் எங்கே அடைத்தாலும் இன்ஜின் சூடாகும்.

பினாங்குக் கடலில் அடைக்க வேண்டியவை தாராளம். ஜெல்லி மீன் ஒன்று. தீவின் வடமேற்கு முனையில், முக்கா ஹெட்டில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையம் இவற்றை ஆராய்ந்துவருகிறது. குளிக்கப் போகிறவருக்கு அது கொட்டும், படகுக்காரருக்குச் சல்லடையில் கூழாகப் படியும். மழைக்குப் பிறகு ஆறுகள் கொண்டுவரும் சேறு இன்னொன்று. பிளாஸ்டிக் பை மூன்றாவது. நான்காவது, படகின் அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு. சில வாரம் ஓட்டாமல் போட்டுவைத்த படகில், வெளியே தெரியாமல் குழாயின் வாய்க்குள்ளேயே அது வளர்ந்திருக்கும்.

அடைப்பு வந்தால் முதலில் சொல்வது சத்தம். தண்ணீர் கலக்காத புகை வறண்ட, உரத்த ஒலியோடு வெளியேறும். வெப்ப அலாரம் பிறகுதான் அடிக்கும். அதுவரை காத்திருந்தால் பம்புக்குள் உள்ள ரப்பர் இம்பெல்லர் கருகியிருக்கும். தண்ணீரே அதற்கு மசகு. தண்ணீர் இல்லாமல் சிறிது நேரம் சுற்றினாலே அதன் இதழ்கள் கிழிந்துவிடும்.

சல்லடையைச் சுத்தம் செய்ய அடிவால்வை மூடி, பெட்டியைத் திறந்து, கூடையைக் கழுவி வையுங்கள். மூடியின் ஓ-ரிங் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். கூடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வராவிட்டால் அடைப்பு வால்வுக்கு வெளியே இருக்கிறது. வால்வை மூடி, குழாயைக் கழற்றி, டிங்கி என்ற சிறு ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் பம்பின் குழாயை அதில் பொருத்துங்கள். பிறகு வால்வைத் திறந்து ஊதினால் பை போன்றவை வெளியே தள்ளப்படும். வால்வின் பக்கத்தில் அளவான மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பழைய படகுக்காரர் வழக்கம். குழாய் கையோடு வந்துவிட்டால் ஓட்டையை அடைக்க அது உதவும்.

இம்பெல்லர் மாற்றுவது

இதை ஒருமுறை துறையில் கட்டியிருக்கும்போதே செய்து பழகுங்கள். அலையில் ஆடும்போது கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது.

1. அடிவால்வை மூடுங்கள். மூடியதற்கு அடையாளமாக இன்ஜின் சாவியை வால்வின் மேலேயே வையுங்கள். சாவியை எடுக்கும்போது வால்வைத் திறக்க வேண்டும் என்பது தானாக ஞாபகம் வரும்.

2. பம்பின் முகப்பில் உள்ள சிறு திருகுகளைக் கழற்றுங்கள். அடியில் ஒரு துணியை விரியுங்கள். பள்ளத்தில் விழுந்த திருகு திரும்பக் கிடைப்பது கடினம்.

3. இம்பெல்லர் எந்தப் பக்கம் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள்.

4. இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு எங்கோ இருக்கிறது, பெரும்பாலும் வெப்பமாற்றியின் வாயில். அதைத் தேடி எடுக்காமல் மூடினால் அடுத்த பயணத்தில் அதுவே அடைப்பாகும்.

5. புதியதைப் பாத்திரம் கழுவும் சோப்புநீரிலோ கிளிசரினிலோ நனைத்து, சுற்றும் திசையில் முறுக்கியபடி உள்ளே தள்ளுங்கள். கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும், பூச வேண்டாம்.

6. புதிய கேஸ்கெட் வைத்து மூடுங்கள். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வால்வைத் திறந்து கசிவு பாருங்கள்.

சில இன்ஜின்களின் வெப்பமாற்றியில் பென்சில் போன்ற துத்தநாகத் துண்டு செருகியிருப்பார்கள். உப்புநீரின் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பது அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். வெதுவெதுப்பான நம் கடலில் அது சீக்கிரம் கரையும்.

டீசலுக்குள் தண்ணீர்

தொட்டி பாதி காலியாக இருந்தால் மீதிப் பாதியில் ஈரக்காற்று. இரவில் அது வியர்த்து, துளித்துளியாக டீசலின் அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். கறுப்பாக, வழுவழுப்பாக ஒரு கசடு உருவாகும். சூடான, ஈரமான ஊர்களில் இதன் வேகம் அதிகம்.

மலேசியாவில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே விற்கும் டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2019 முதல் வழக்கத்தில் இருப்பது 10 சதவீதம் கலந்த பி10. 7 சதவீத வகையும் சில பம்புகளில் கிடைக்கும். லங்காவியில் 20 சதவீதம் கலந்த பி20. பயோடீசல் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சாதா டீசலைவிட அது ஈரத்தை அதிகம் ஈர்க்கும். பழைய தொட்டியின் ஓரத்தில் படிந்த கசடையும் கரைத்து இறக்கிவிடும். பல ஆண்டு பழைய படகில் முதல் சில தொட்டிகளுக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியவை மூன்று. படகை விட்டுப் போகும்போது தொட்டியை நிரப்பி வையுங்கள். தொட்டியிலிருந்து வரும் வழியில் உள்ள முதல் ஃபில்டரின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த டீசலுக்கு அடியில் ஒரு கோடு தெரிந்தால் அது தண்ணீர், கீழே உள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். வடித்ததைக் கடலில் கொட்டாமல் ஒரு போத்தலில் பிடியுங்கள். மூன்றாவது, இரண்டு ஃபில்டர்களையும் காலம் தவறாமல் மாற்றுங்கள். கசடு அமைதியான நீரில் தொட்டியின் அடியில் தூங்கும். அலை வந்து படகு குலுங்கும்போதுதான் கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் ஏறி இறங்கி மூச்சுவாங்குவதுபோல் ஓடி, பிறகு நிற்கும். சுமத்ராஸ் அடிக்கும் நேரத்தில்தான் இப்படி நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏர் எடுப்பது

ஃபில்டர் மாற்றிய பிறகும், தொட்டி வற்றிய பிறகும் டீசல் குழாயில் காற்று புகுந்துவிடும். டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் பீய்ச்சும் பம்ப் தள்ளினாலும் சிலிண்டருக்கு எதுவும் போகாது. காற்றை வெளியேற்றுவது சிரமம் இல்லை, வரிசை மட்டும் முக்கியம்.

தொட்டியின் வால்வு திறந்திருக்கிறதா பாருங்கள். இன்ஜின் மேல் உள்ள இரண்டாம் ஃபில்டரின் தலையில் இருக்கும் சிறு திருகை ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்துங்கள். டீசல் பம்பின் பக்கத்தில் உள்ள சிறு நெம்பை விரலால் மேலும் கீழும் அசையுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழ் வரும், கடைசியில் தெளிந்த டீசல் வரும். வந்ததும் திருகை மூடுங்கள். நெம்பில் பிடிமானமே இல்லாவிட்டால் பம்ப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே கேம் உச்சியில் நிற்கக்கூடும். இன்ஜினைக் கொஞ்சம் சுழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். அடுத்து, பீய்ச்சும் பம்பில் உள்ள திருகிலும் இதே வேலை.

அப்படியும் பிடிக்காவிட்டால் கடைசிப் படி. இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களின் நட்டைச் சற்றே தளர்த்தி, வேகநெம்பைத் திறந்து வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். நட்டின் ஓரத்தில் டீசல் துடித்து வந்ததும் இறுக்கிவிட வேண்டும். அந்த இடத்துக்கு அருகே கை போகக்கூடாது. அங்குள்ள அழுத்தம் டீசலைத் தோலுக்குள் ஏற்றிவிடும். அப்படி நடந்தால் சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் பலர் ஒரு நல்ல இன்ஜினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பற்றாத இன்ஜினை ஸ்டார்ட்டரால் திரும்பத் திரும்பச் சுழற்றும்போது கடல்நீர் பம்பும் கூடவே சுற்றுகிறது. தண்ணீர் சைலன்சரில் நிறைகிறது. அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இல்லை. மட்டம் உயர்ந்து, புகை வெளியேறும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்குகிறது. தண்ணீர் அமுங்காது, பிஸ்டனின் தண்டுதான் வளையும். ஆகவே சில விநாடிகளுக்கு மேல் சுழற்ற வேண்டியிருந்தால் அடிவால்வை மூடிவிடுங்கள். இன்ஜின் பற்றிய அதே கணம் திறந்துவிடுங்கள். அப்போது இருவர் இருந்தால் நல்லது: ஒருவர் சாவியில், ஒருவர் வால்வில்.

இன்ஜின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகுகளில் கடல்நீர்க் குழாயை மேலே வளைத்து உச்சியில் ஒரு காற்றுவால்வு வைத்திருப்பார்கள். படகு சும்மா நிற்கும்போது தண்ணீர் தானே இன்ஜினுக்குள் உறிஞ்சப்படாமல் அது தடுக்கும். உப்பு படிந்து அது ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆயில் மாற்றும் நாள்

கையேட்டில் உள்ள கணக்கே கணக்கு. பெரும்பாலான சிறு இன்ஜின்களுக்கு 100 முதல் 150 மணி நேரத்துக்கு ஒருமுறை. அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடாத இன்ஜினில் பழைய ஆயிலின் அமிலம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

படகில் இன்ஜினுக்கு அடியில் தட்டு வைக்க இடம் இருக்காது. இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் ஸ்டிக் இருந்த துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கைப்பம்பால் உறிஞ்ச வேண்டும். சூடான ஆயில் இளகி வரும், அழுக்கையும் கூட்டி வரும். ஆயில் ஃபில்டரைக் கழற்றும் முன் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினால் பள்ளம் நாறாது. புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சொட்டு ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள்.

பழைய ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. தே தாரிக் நிறத்தில் வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த இன்ஜினை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கழிவு ஆயில் மலேசியாவின் 2005 ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 305 என்று பட்டியலிடப்பட்டது. சாக்கடையிலோ கடலிலோ ஊற்றக்கூடாது. மூடியுள்ள கலனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையிடம் கொடுங்கள்.

புகையின் நிறம்

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் கவலை இல்லை. நிற்காமல் வந்தால் எரியாத டீசலாகவோ, குளிர்நீர் குறைந்ததால் எழும் ஆவியாகவோ இருக்கும். கறுப்புப் புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது சுமை அதிகம்.

இங்கே கறுப்புப் புகைக்கு இன்ஜினைக் குறைசொல்லும் முன் தண்ணீருக்குள் இறங்கிப் பாருங்கள். ஜெரெஜாக் தீவின் ஓரத்தில் மாதக்கணக்கில் நங்கூரமிட்ட படகின் விசிறியில் கொட்டலசு அப்பியிருக்கும். அதைச் சுரண்டினாலே புகை தெளியும், வேகமும் திரும்பும். பணமும் மிச்சம்: 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தபோது லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ரிங்கிட் ஆனது. தண்ணீரில் இறங்கும் முன் இன்ஜின் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி ஏற்றுவதற்காகத் துறையில் கட்டியபடியே மெதுவான வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவதும் நல்லதல்ல. சுமை இல்லாத டீசல் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. கரி படிந்து, தண்ணீரும் புகையும் கலக்கும் முழங்கைக் குழாய் உள்ளுக்குள் சுருங்கும். வாரம் ஒருமுறை கியரில் போட்டு உழைக்க விடுங்கள்.

நாட்காட்டியும் பெட்டியும்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஓடிய மணி நேரம், செய்த வேலை, போட்ட உதிரியின் எண்.

ஒவ்வொரு முறையும்: ஆயில், கூலன்ட், பெல்ட், அடிவால்வு, பின்பக்கத் தண்ணீர்.

வாரம் ஒருமுறை: டீசல் கிண்ணம், சல்லடை.

மாதம் ஒருமுறை: அடிவால்வுகளைத் திறந்து மூடி அசைத்தல், பேட்டரி முனைகள், குழாய்க் கிளிப்புகள்.

ஆண்டுக்கு ஒருமுறை: ஆயிலும் அதன் ஃபில்டரும், டீசல் ஃபில்டர்கள், இம்பெல்லர். துத்தநாகத்தை அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை பார்த்துவிட வேண்டும்.

ஆண்டு வேலைக்கு நல்ல நேரம் அக்டோபர். நவம்பரில் வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் மேற்குக் கரையில் பாய் விரிக்கும் காலம். 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் படகுப் பந்தயம் போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் போவதும் அந்த மாதத்தில்தான். அப்போது உதிரி வாங்கவும் மெக்கானிக்கைப் பிடிக்கவும் போட்டி இருக்கும்.

உதிரிப் பெட்டியில் இரண்டு இம்பெல்லர், கேஸ்கெட், ஒரு பெல்ட், இரு வகை டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், ஒருமுறைக்கான ஆயில், கூலன்ட், எவர்சில்வர் கிளிப்புகள் இருக்கட்டும். அவற்றைப் பொருத்த வேண்டிய ஸ்பேனர்களும் அதே பெட்டியில் இருக்கட்டும்.

எங்கே நிறுத்திக்கொள்வது

பீய்ச்சும் பம்பைத் திறப்பது, இன்ஜெக்டரைச் சோதிப்பது, ஹெட் கேஸ்கெட், கியர்பெட்டி ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள். தெலுக் பஹாங், பத்து மாவுங் போன்ற மீனவர் துறைகளில் டீசல் இன்ஜினோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போகும்போது “இன்ஜின் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தேட வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. நோட்டை நீட்டி, இத்தனை மணி நேரத்தில் ஆயில் மாற்றினேன், இந்த ஃபில்டர் போட்டேன், பின்பக்கம் தண்ணீர் சரியாக வருகிறது, டீசல் கிண்ணத்தில் தண்ணீர் இல்லை, ஆனாலும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்று சொன்னால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும். மீதியை அவர் செய்யும்போது பக்கத்தில் டார்ச் பிடித்து நில்லுங்கள். அடுத்த முறை அதிலும் ஒரு பகுதியை நீங்களே செய்யலாம்.